பல் இறக்கிய மெஷின், பழகிய கை

துணியைத் தள்ளும் பல்லை இறக்கிவிட்டால் தையல் மெஷின் பேனாவாக மாறிவிடுகிறது. அதைப் பிடித்து எழுத ஒரு கை வேண்டும். கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி வந்துவிட்ட காலத்தில் அந்தக் கையைச் சம்பாதிப்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல, பிழைப்பும்கூட.

திருவனந்தபுரத்தில் கரமனை, வலியசாலை அக்ரஹாரத் தெருக்களில் வாசல் தெளித்துக் கம்பிக் கோலம் போடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. புள்ளிகளை வைத்து, ஒரே கோட்டில் சுற்றிச் சுற்றி வளைத்து, ஆரம்பித்த இடத்திலேயே கொண்டு வந்து முடிக்கும் கை அது. கோடு எங்கும் அறுவதில்லை, தயங்குவதும் இல்லை. அந்தக் கையை ஒரு தையல் மெஷின் முன் உட்கார வைத்து, அதே கோலத்தை நூலால் போடச் சொன்னால் என்ன ஆகும்? முதல் நாள் சிலேட்டில் எழுதிய குழந்தையின் 'அ' மாதிரி கோணிக்கொண்டு போகும்.

காரணம் எளியது. கோலத்தில் தரை நிற்கிறது, கை நகர்கிறது. மெஷினில் ஊசி ஒரே இடத்தில் நின்று குத்துகிறது. நகர வேண்டியது துணி. பேனாவை ஒருவர் பிடித்துக்கொள்ள, அதன் அடியில் காகிதத்தை அசைத்துக் கையெழுத்துப் போடுவது போன்ற வேலை. ஆயுள் முழுக்கப் பழகிய கையும் இங்கே அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கு 'ஃப்ரீ மோஷன் க்வில்டிங்' என்று பெயர். மேல் துணி, நடுவில் பஞ்சு அல்லது தடித்த துணி, அடியில் இன்னொரு துணி என்று மூன்றையும் அடுக்கி, அடுக்கு நகராதபடி மேலெல்லாம் கோடு கோடாகத் தைத்து இணைப்பது க்வில்டிங். நேர்க்கோட்டில் தைக்க எந்த மெஷினும் போதும். கொடியாக, இறகாக, அலையாக மெஷினை இஷ்டப்படி ஓட்டித் தைப்பதுதான் 'ஃப்ரீ மோஷன்'. பெயர் வெளிநாட்டுச் சரக்கு. வித்தை அப்படியல்ல. வளையம் மாட்டிய துணியை மெஷினில் சுழற்றிப் பூப்போடும் 'மெஷின் எம்ப்ராய்டரி'யை இந்தியத் தையல்காரர்கள் பல தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒன்றில் ஒற்றைத் துணி, மற்றதில் மூன்றடுக்கு.

மெஷினுக்குள் நடப்பது

சாதாரணத் தையலில் ஊசித் தட்டுக்கு அடியிலிருந்து சிறிய இரும்புப் பற்கள் எழுந்து, துணியைக் கவ்வி, ஒவ்வொரு குத்துக்கும் ஓர் அளவு பின்னால் தள்ளிவிட்டு மறுபடி இறங்குகின்றன. தையலின் நீளத்தைத் தீர்மானிப்பவை இந்தப் பற்கள்தான். தைப்பவர் துணியை நேராகப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஃப்ரீ மோஷனில் முதல் காரியம் இந்தப் பற்களுக்கு ஓய்வு கொடுப்பது. சில மெஷின்களில் ஒரு திருகைத் திருப்பினால் அவை கீழே இறங்கிவிடும். இறங்காத பழைய மெஷின்களில் பல்லின் மேல் ஒரு தகட்டைப் போட்டு மூடிவிடுகிறார்கள். துணியை அழுத்தும் பாதத்தையும் கழற்றிவிட்டு வளையத்தை வைத்துக்கொள்வது எம்ப்ராய்டரிக்காரர் வழக்கம். க்வில்டிங்கில் வளையத்துக்குப் பதிலாக, ஸ்பிரிங் வைத்துத் துள்ளும் சிறிய பாதம் ஒன்றை மாட்டுகிறார்கள். பாதம் இல்லாவிட்டாலும் அதன் நெம்புகோலை இறக்கியே தைக்க வேண்டும். அதை இறக்கினால்தான் மேல் நூலுக்கு இறுக்கம் கிடைக்கும். மறந்தால் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கிக்கொள்ளும். புதிதாகக் கற்பவர்கள் மெஷின் கெட்டுவிட்டதாக நினைத்து மெக்கானிக்கைத் தேடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பல் ஓய்ந்தபின் தையலின் நீளத்தை யார் தீர்மானிப்பது? இரண்டு பேர்: கால், கை. கால் ஊசியின் வேகத்தைத் தருகிறது, கை துணியின் வேகத்தைத் தருகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மிதி மெஷின் நிமிடத்துக்கு 300 குத்து போடுகிறது என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு 5. அங்குலத்துக்கு 10 தையல் வேண்டுமென்றால் கை வினாடிக்கு அரை அங்குலம் நகர வேண்டும். மோட்டார் மெஷினில் 600 குத்து ஓடினால் கை வினாடிக்கு ஓர் அங்குலம் போக வேண்டும். கை அவசரப்பட்டால் தையல் நீளமாகிப் பல்லிளிக்கும். தயங்கினால் ஒரே இடத்தில் குத்திக் குத்தி முடிச்சாகிவிடும்.

வளைவுகளில்தான் சோதனை. வளைவு வரும்போது கை தன்னையறியாமல் துணியைச் சுண்டி இழுக்கிறது. மேலே பார்த்தால் தையல் ஒழுங்காகவே தெரியும். துணியைத் திருப்பினால் அடி நூல் வளையாமல் நேராகக் குறுக்கே கிடக்க, மேல் நூல் கண்ணிமை மயிர் போலச் சின்னச் சின்ன வளையமாக நீட்டிக்கொண்டிருக்கும். கை ஊசியை மீறி ஓடியதற்கு அது சாட்சி. இழுப்பு இன்னும் அதிகமானால் ஊசி வளைந்து தட்டில் மோதி உடையும். அதனால்தான் தேர்ந்தவர்கள் வேலையின் முகத்தைவிட முதுகை முதலில் பார்க்கிறார்கள்.

காந்தி விலக்களித்த மெஷின்

தையல் மெஷினுக்கும் திருவனந்தபுரத்துக்கும் எதிர்பாராத ஒரு தொடர்பு உண்டு. 1924ல் டெல்லியில் காந்தியைச் சந்தித்த சாந்திநிகேதன் மாணவர் ஒருவர், நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா என்று கேட்டார். கேட்டவர் திருவனந்தபுரத்தை அடுத்த நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரன். பிற்காலத்தில் தன் மனைவி டாக்டர் டி.எஸ். சௌந்தரத்துடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே 1947ல் காந்திகிராமத்தை நிறுவியவர். காந்தி தந்த பதிலில் ஒரு இயந்திரத்துக்கு மட்டும் தாராளமான விலக்கு கிடைத்தது: சிங்கர் தையல் மெஷின். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்வதைப் பார்த்த அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தி சொன்ன காரணம்.

சிங்கரின் வாழ்க்கை அவ்வளவு நெகிழ்ச்சியானதல்ல. 1851ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ஐசக் சிங்கர் அன்பைவிட லாபத்தையே குறியாகக் கொண்டவர். அவருக்கு முன்பே, 1846ல், எலியாஸ் ஹோவ் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். வழக்குப் போட்டு சிங்கரிடமிருந்து பங்கும் பெற்றார். ஆனால் அந்த உரையாடலில் காந்தி வைத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. இயந்திரம் மனிதனின் கைகால்களைச் சூம்ப வைக்கக் கூடாது என்பதே அவருடைய கவலை. பல்லை இறக்கிய தையல் மெஷின் இந்தப் பரீட்சையில் சுலபமாகத் தேறிவிடுகிறது. குத்துகிற உழைப்பை அது ஏற்றுக்கொள்கிறது. கோட்டைப் போடும் வேலையைக் கையிடமே விட்டுவிடுகிறது.

மெஷினில் செய்தது கைவேலை ஆகுமா என்ற சண்டை வெளிநாட்டிலும் நடந்தது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து படூக்கா நகரில் ஆண்டுதோறும் நடக்கும் க்வில்ட் போட்டியில், கையால் தைத்தவையே முதல் பரிசு பெற்றுவந்தன. 1989ல் கேரில் பிரையர் ஃபாலர்ட் என்பவர் சூரிய கிரகணத்தை வைத்துச் செய்த க்வில்ட் முதல் பரிசை வென்றது. முழுக்க மெஷினில் க்வில்ட் செய்யப்பட்ட ஒன்று அங்கே அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் தடவை. முணுமுணுப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதன்பின் மெஷின் க்வில்டிங்கை யாரும் குறுக்குவழி என்று ஒதுக்கிவிட முடியவில்லை. கோணாத கோடு கோணாத கோடுதான். அதற்குப் பின்னால் இருந்த பயிற்சியின் மணி நேரங்கள் கைத்தையலுக்குக் குறைந்தவை அல்ல.

சரளி வரிசை

பயிற்சி என்ற சொல்லைத் திருவனந்தபுரத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சுவாதித் திருநாளின் ஊர் அது. 1939ல் தொடங்கி, பின்னர் அவர் பெயரைத் தாங்கிய இசைக் கல்லூரியின் முதல் முதல்வர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் செம்மங்குடி சீனிவாசய்யர். அங்கே சேருகிற மாணவர் கீர்த்தனையில் ஆரம்பிப்பதில்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம். ஒவ்வொன்றும் மூன்று காலங்களில்.

மெஷின் க்வில்டிங்குக்கும் இப்படி ஒரு சரளி வரிசை உண்டு. முதல் பாடம் மெஷினிலேயே இல்லை. பென்சிலை எடுத்து, காகிதத்திலிருந்து தூக்காமல், கோடு கோட்டை வெட்டாமல், பக்கத்தை நிரப்புவது. ஆற்று வளைவு போல அலைந்து திரியும் கோடு. அடுத்தது வளைவின் நடுவே கண்ணி போடுவது. பிறகு கூழாங்கல் மாதிரி ஒட்டிய வட்டங்கள். அப்புறம் இலை. கடைசியில் இறகு. எந்த வடிவமானாலும், அடுத்த வளைவுக்கு எங்கே திரும்புவது என்பது கைக்கு மனப்பாடமாக வேண்டும். மெஷின் ஓடும்போது நின்று யோசிக்க நேரம் கிடைக்காது.

இந்தப் பாடத்தில் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு அனுகூலம் அதிகம். கோடு அறுபடாமல் ஒரு பரப்பை நிரப்புவது எப்படி என்பதைக் கம்பிக் கோலம் ஏற்கனவே சொல்லிக்கொடுத்துவிட்டது. கோலத்தின் இந்த இலக்கணம் விளையாட்டல்ல. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களைக் கம்ப்யூட்டர் மொழியின் இலக்கணமாக விவரித்து 1974ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

இரண்டாவது பாடம் எழுத்து. தன் பெயரைத் தையலில் எழுதிப் பார்ப்பது எல்லா நாட்டுக் கற்பவர்களும் செய்கிற பயிற்சி. உருண்டு திரண்ட மலையாள எழுத்து இதற்கு ஏற்றது. 1971ல் அச்சுக்கும் டைப்ரைட்டருக்கும் வசதியாக மலையாள எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது பல கூட்டெழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்தன. ஊசிக்குப் பிடித்தது பழைய கூட்டெழுத்துதான். நூலை அறுக்காமல் ஒரே சுற்றில் முடித்துவிடலாம். தமிழில் 'ஓ', 'ஞ', 'ணை' போன்றவற்றைத் தொடர்ந்து தைத்துப் பார்த்தால் வளைவு, கண்ணி, திருப்பம் மூன்றும் ஒரே வரியில் பயிற்சியாகிவிடும்.

மூன்றாவது பாடம் கண்ணுக்கு. ஊசியைப் பார்க்கக் கூடாது. சைக்கிள் ஓட்டுகிறவர் முன்சக்கரத்தைப் பார்த்தால் விழுந்துவிடுவார். பாதையைப் பார்த்தால் தப்பிப்பார். அதுபோல ஊசி இனிப் போக வேண்டிய இடத்தில், அரை அங்குலம் முன்னால், பார்வை இருக்க வேண்டும். தோள் காதை நோக்கி ஏறினாலும் மூச்சு நின்றாலும் கோடு நடுங்கும். நாற்காலியின் உயரம் சரியாக இல்லாவிட்டால் பத்தே நிமிடத்தில் கழுத்து சொல்லிவிடும்.

எவ்வளவு நேரம் பழக வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் உட்கார்ந்து முறிவதைவிடத் தினம் கால் மணி நேரம் மேல். கைத்திறனைக் கற்பது பற்றிய ஆராய்ச்சிகள் இந்தப் பாட்டி வைத்தியத்தை ஆதரிக்கின்றன: இடைவெளி விட்டுப் பழகினால் கை மறப்பதில்லை. 1979ல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது வேகமாக முன்னேறினார்கள். பல அசைவுகளைக் கலந்து பழகியவர்கள் மெதுவாகவே தேறினார்கள். ஆனால் சில நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களின் கையில்தான் வித்தை தங்கியிருந்தது. முழுப் பக்கமும் வட்டமே போடுகிறவரைவிட, ஒரு வரி அலை, ஒரு வரி கண்ணி, ஒரு வரி இலை என்று மாற்றுகிறவர் கடைசியில் முந்துகிறார் என்று இதைப் படித்துக்கொள்ளலாம்.

பத்தாயிரம் மணி நேரம் பழகினால்தான் வித்தை வரும் என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு யாரையும் பயமுறுத்த வேண்டியதில்லை. ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் 1993ல் பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்விலிருந்து, 2008ல் வந்த ஒரு பிரபலப் புத்தகம் எடுத்துப் பரப்பியது அந்த எண். எரிக்சனே அதை மறுத்தார். எத்தனை மணி நேரம் என்பதைவிட, தவறு எங்கே என்று பார்த்து அதை மட்டும் குறிவைத்துப் பழகினாயா என்பதே முக்கியம் என்றார். தையல்காரர் மொழியில் சொன்னால்: துணியைத் திருப்பி முதுகைப் பார்த்தாயா?

கால் மணி நேரம் அற்பமாகத் தோன்றலாம். கணக்கு வேறு சொல்கிறது. வினாடிக்கு 5 குத்து என்றால் கால் மணியில் 4,500 தையல். அங்குலத்துக்கு 10 வீதம் 450 அங்குலம், அதாவது பதினோரு மீட்டருக்கு மேல். முப்பது நாளில் 1,35,000 தையல். சுமார் 340 மீட்டர் நீளக் கோடு. அவ்வளவு தூரம் நடந்துவிட்ட கை பழைய கையாக இருக்காது.

வீணாகாத வேட்டி

இவ்வளவும் சரி, பழக்கத்துக்குத் துணி யார் தருவது? சிக்கல் இங்கேதான். வீட்டுச் செலவுக்கு ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு, புதுத் துணியையும் நூலையும் 'வீணாக்கி'ப் பழகுவது ஆடம்பரம். மூன்று மாதத் தையல் வகுப்பில் சேருகிற பெண் ஆளுக்கொரு முறை பூப்போட்டுப் பார்த்துவிட்டுச் சான்றிதழோடு வீடு திரும்பிவிட்டால், சான்றிதழ் சுவரில் தொங்கும். கை பழைய இடத்திலேயே நிற்கும். ஊசி ஓடத் தேவையான அந்த 340 மீட்டருக்கு மேல் நூலும் அடி நூலும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நூல் வேண்டும். அதைக் கேட்டால் வீட்டில் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கு விடை பழந்துணியில் இருக்கிறது. நம் நாட்டுப் பல க்வில்ட்கள் பிறந்ததே அங்கேதான். வங்காளத்துக் காந்தா, பீகாரின் சுஜனி, மராட்டியத்தின் கோதடி எல்லாமே கட்டி நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி ஓடு தையல் போட்டவை. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகத்துப் பெண்கள் கந்தல் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் 'கவண்டி' தைக்கிறார்கள். நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துணியால் 'பூ' வைக்காமல் அதை முடிப்பதில்லை. வங்காளத்துச் சாத்கான் துறைமுகப் பகுதியில் தைத்த மெத்தைப் போர்வைகள் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்ச்சுகல் வரை போயின. சோழமண்டலக் கரையின் அச்சுத் துணிகளை ஆங்கிலேயப் பெண்கள் வெட்டித் தைத்துப் போர்வையாக்கினார்கள். உள்ளூர் நெசவாளர்களின் எதிர்ப்பால் 1721ல் இங்கிலாந்து அந்தத் துணிகளுக்குத் தடைச் சட்டம் போட்டது. அது விலக 1774 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேரளத்தில் பழந்துணிக்குக் குறைவில்லை. வெளுத்து வெளுத்துப் பட்டுப் போல மென்மையான பருத்தி வேட்டி இல்லாத வீடு இல்லை. எட்டு முழ வேட்டி ஒன்றை 14 அங்குலச் சதுரங்களாக வெட்டினால் முப்பது கிடைக்கும். இரண்டு சதுரங்களுக்கு நடுவில் பழைய டர்க்கி டவல் துண்டு ஒன்றை வைத்தால் பதினைந்து பயிற்சி மெத்தைகள். ஒவ்வொன்றிலும் முதலில் வெள்ளை நூலில் அகலமாக, பிறகு இடைவெளிகளில் கலர் நூலில் நெருக்கமாக என்று இரண்டு தரம் பழகலாம். நூலுக்குக் கடைசியாக எஞ்சிய கலர் கண்டுகள் போதும். அதற்கும் முன்னால், நூலே கோக்காமல், பழைய ஊசியை மாட்டிச் செய்தித்தாளில் ஓட்டிப் பார்க்கலாம். துளைகளின் இடைவெளியே கையின் வேகத்தைக் காட்டிவிடும். காகிதம் ஊசியை மழுக்கும் என்பதால் அந்த ஊசியைத் துணிக்கு மறுபடி மாட்டக் கூடாது.

ஊரின் பருவநிலைக்கும் இந்த ஏற்பாடுதான் பொருந்துகிறது. ஆண்டில் இரண்டு மழைக்காலம் கண்ட ஊரில் பஞ்சு அடைத்த தடித்த ரஜாய் புழுங்கி நாறும். போர்த்தும் குளிரும் அங்கே கிடையாது. வேட்டி அடுக்கிய மெல்லிய மெத்தை துவைத்தால் அன்றே காயும். ஈரக் காற்றில் மெஷின் துருப்பிடிக்காமலிருக்க, வேலை முடிந்ததும் ஷட்டிலைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுவதும் பயிற்சியின் பாகமே. கரண்ட் போனால் மோட்டார் மெஷின் நிற்கும். மிதி மெஷின் நிற்பதில்லை. மிதியில் பழகியவர்களுக்கு இன்னொரு லாபம்: வேகம் காலில் இருப்பதால் வளைவில் தணிக்கவும் நேரில் கூட்டவும் சுலபம்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு

பழகி என்ன பயன் என்று கேட்கிறவர்கள் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷினைக் காட்டுகிறார்கள். ஒரே டிசைனைப் பல தலைகளில் ஒரே சமயத்தில், ஒரு தையல்கூட மாறாமல், அது போட்டுத் தள்ளுகிறது. டிசைனை ஒருமுறை 'பஞ்சிங்' செய்துவிட்டால் போதும். பிறகு நூல் அறுந்தால் கோக்க மட்டும் ஆள் வேண்டும். ஓணத்துக்கு ஒரே மாதிரி நூறு கசவுப் புடவைகளில் மயில் வேண்டுமென்றால் கை அதோடு போட்டியிட முடியாது. க்வில்டிங்கிலும் துணியின் நகர்வைச் சென்சார் அளந்து ஊசியின் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் கருவி சில உயர்விலை மெஷின்களில் வந்துவிட்டது.

ஆனால் கம்ப்யூட்டருக்குப் பிடிக்காத வேலைகளும் உண்டு. ஒன்றே ஒன்று வேண்டும் என்கிற வாடிக்கையாளர். ஏற்கனவே தைத்து முடித்த ப்ளவுஸின் கழுத்தோரம். பாட்டியின் புடவைகளைச் சேர்த்துப் பேரக்குழந்தைக்கு ஒரு தொட்டில் மெத்தை. கிழிந்த கசவுக் கரையை அடையாளம் தெரியாமல் நிரப்பும் ரிப்பேர். ஒற்றைப் பொருளுக்காக டிசைனைப் பஞ்சிங் செய்வது கட்டுப்படியாகாது. பழகிய கைக்குப் பஞ்சிங் தேவையில்லை. கூலி இருப்பது இந்த இடுக்கில்தான். அரைகுறையாகப் பழகிய கைக்கு அதில் இடமில்லை. நடுங்கிய கோட்டுக்கு யாரும் காசு தருவதில்லை.

திருவனந்தபுரம் இதற்குத் தோதான ஊர். தெற்கே பாலராமபுரத்தில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர் நெசவாளர்களின் வழியில் கைத்தறி ஓடுகிறது. துண்டும் கரையும் அங்கிருந்து வரும். திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான சாலைக் கடைத்தெரு ஊசி நூலிலிருந்து எல்லாவற்றுக்கும் சந்தை. புத்தன்சந்தையில் அரசின் எஸ்.எம்.எஸ்.எம். கைவினைப் பொருள் நிலையம் இருக்கிறது. கோவளத்தை அடுத்த வெள்ளாரில் 2021ல் கைவினைக் கிராமம் திறக்கப்பட்டது. குளிர் நாட்டிலிருந்து வரும் பயணிக்கு மெத்தைப் போர்வை புரியாத பொருளல்ல.

பெண்களைத் திரட்டும் அமைப்பும் ஊரிலேயே இருக்கிறது. 1998 மே மாதம் மலப்புரத்தில் தொடங்கி வைக்கப்பட்ட குடும்பஸ்ரீயின் தலைமையகம் திருவனந்தபுரம்தான். 2020 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைக் கேரளம் தடை செய்தபோது துணிப்பை தைக்கவும், பிறகு கொரோனா வந்தபோது முகக்கவசம் தைக்கவும் குடும்பஸ்ரீயின் தையல் யூனிட்டுகள் ஓடி வந்தன. நேர்த்தையலுக்குத் தேவைப்பட்டது வேகம். அது அவர்களிடம் இருந்தது. ஆனால் பையும் முகக்கவசமும் யார் தைத்தாலும் ஒன்றுதான். விலையைக் குறைத்துக் கேட்பார்கள். கை அடையாளம் தெரியும் வேலைக்குத்தான் பேரம் பேச முடியும். பை தைக்கிற பெண் அதே பையின் முகத்தில் ஒரு க்வில்ட் வேலை போடப் பழகினால், மெஷினும் மாற வேண்டாம், இடமும் மாற வேண்டாம். தேவை தினம் ஒரு கால் மணி நேரமும், பழைய வேட்டியும், அதை வீண் என்று சொல்லாத வீடும்.

ஊசி வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை என்பதற்கு இந்தப் பக்கத்தில் பழைய சாட்சி உண்டு. அன்று திருவிதாங்கூரிலும் 1956 முதல் தமிழ்நாட்டிலும் இருக்கும் நாகர்கோவிலில், 1820களின் தொடக்கத்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் தன் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர்களில் அடிமைகளாகப் பிறந்தவர்களும் இருந்தார்கள். லேஸ் கூலியைச் சேர்த்து வைத்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்கள் உண்டு. திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்தது 1855ல். அந்தப் பெண்களின் விரல்கள் அதற்கு முன்பே கணக்கை முடித்துவிட்டன. லேஸ் ஒரு நாளில் வருவதில்லை. நூல் சுற்றிய கட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பழகிய எத்தனையோ மாலைகள் அந்த விலைக்குள் அடங்கியிருந்தன.

தேர்ந்த க்வில்ட்காரர்கள் ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுப்பார்கள். முதல் நாள் தைத்த கோணல் சதுரத்தைத் தூக்கி எறியக் கூடாது. ஓரத்தில் தேதியைத் தைத்து வைக்க வேண்டும். முப்பதாவது நாள் சதுரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் சொல்லாமலே விஷயம் புரியும். அப்புறம் பதினைந்து சதுரங்களையும் சேர்த்து இணைத்துவிடலாம். கோணலும் நேருமாக அது ஒரு நல்ல சிறு மெத்தையாகிவிடும். துவைத்துக் காய்ந்ததும் தொட்டிலில் விரிக்கலாம். அதில் படுக்கும் குழந்தைக்கு எந்தக் கோடு முதல் நாளுடையது என்று தெரியப்போவதில்லை. தைத்தவளுக்குத் தெரியும்.